காதைத் தொட்ட கை

எங்கள் அப்பாவிடம் ஒரு கதை இருக்கிறது. பூதலூர் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், உரக்கடையில் யார் பக்கத்தில் நின்றாலும் சொல்லிவிடுவார். எனக்கு அப்போது மூன்றரை வயது. குறுவை நடவு நேரம். அப்பாவும் அம்மாவும் வயலில் இருக்க, என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அக்காவோடு சேர்த்து என்னையும் பள்ளிக்கூடத்தில் தள்ளிவிடலாம் என்று அப்பா இழுத்துக்கொண்டு போனார். பிறப்புச் சான்றிதழெல்லாம் அங்கே யார் கேட்டார்கள். தலைமையாசிரியர், "வலது கையத் தலைக்கு மேல கொண்டுபோயி இடது காதத் தொடு பாப்பா" என்றார். தொட்டுவிட்டால் ஐந்து வயது. நான் தொட்டதோடு நிற்காமல் காதைப் பிடித்துத் திருகியும் காட்டினேனாம். அவர் ஐந்து என்று எழுதி, ஜூன் மாதத்தில் ஒரு தேதியையும் போட்டுவிட்டார்.

"அப்பவே எம்பொண்ணுக்குக் கை அவ்வளவு நீளம். வாலிபால்காரின்னு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு" என்று முடிப்பார்.

கை நீளம்தான், பொய் சொல்லவில்லை. அந்தக் கைக்காகத்தான் தஞ்சாவூர் விளையாட்டு விடுதியில் இடம் கொடுத்தார்கள். அங்கே பயிற்சியாளர் என் பள்ளிச் சான்றிதழையும் என் பால் பல்லையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஊரே ரெண்டு வயசு குறைச்சுக்கிட்டு வருது, நீ கூட்டிக்கிட்டு வந்திருக்கியே" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அப்போதே புத்தியில் உறைத்திருந்தால் மாற்றியிருக்கலாம். எனக்கு அன்றைக்கு வலைக்கு மேல் கை போனால் போதும், வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை.

பிறகு ஒரு துறையின் அணியில் ஏழு வருடம் ஒப்பந்த ஆட்டக்காரியாக இருந்தேன். வலையின் நடுவில் நின்று எதிராளி அடிப்பதைத் தடுப்பது என் வேலை. குதித்துக் குதித்து இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஒவ்வொரு வருடமும் "அடுத்த வருஷம் பெர்மனென்ட்" என்பார்கள். கல்யாணப் பேச்சை அப்பா அதற்காகத் தள்ளிவைத்தார். நிரந்தர வேலை ஒன்றுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. ஆட்டம் ஓய்ந்த பிறகும் அதை வைத்துக் காலத்தை ஓட்டிவிடலாம்.

போன வருடம் எங்கள் துறையிலேயே விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்க அறிவிப்பு வந்தது. தேர்வில் நின்ற இடத்திலிருந்து கை எட்டும் உயரத்தை அளந்தார்கள். வந்திருந்தவர்களில் என்னுடையதுதான் அதிகம். அடுத்த மேசையில் சான்றிதழைப் பார்த்த அதிகாரி விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "வயசு வரம்பு நாலு மாசம் தாண்டிடுச்சேம்மா" என்றார். நிஜக் கணக்கில் எனக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. சொன்னேன். பாவம், அவரும் என்ன செய்வார். "இந்தக் கைக்கு வேலை கொடுக்கலாம்மா. இந்தப் பேப்பருக்குக் கொடுக்க முடியாது."

அப்பாவிடம் கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு தேதியை மாற்றக் கேட்டுத் தாலுக்கா ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த அலுவலர் அம்மாவைக் கேட்டார்.

"எப்பம்மா பொறந்துச்சு இந்தப் பொண்ணு?"

"பொங்கலுக்கு நாலு நாள் முன்னாடிங்க சார். சம்பா அறுப்பு."

"எந்த வருஷம்?"

"கதிரு சாஞ்சு வயல்லயே மொளச்சுப்போன வருஷங்க."

"அது வருஷா வருஷம்தான்மா மொளைக்குது."

அம்மா சிரித்துவிட்டாள். எனக்கு அவள் மேல் வந்த கோபத்தை எழுதக் கூசுகிறது. எந்தப் பதிவேட்டிலும் என் பிறப்பு இல்லை. இனிமேல் பதிந்தாலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் தேதி மாறாது என்றார் அவர். "படிக்கிறப்பவே வந்திருக்கணும்." அவ்வளவுதான். பேருந்தில் அம்மா கேட்டாள், "அன்னிக்கு உன்னய வரப்புலயே போட்டு வச்சிருந்திருக்கலாமோ?" அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்று மட்டும் இரண்டு பேரும் பேசிக்கொண்டோம்.

வீட்டுக்குப் போனால் கீழ்வேளூரிலிருந்து பெரியப்பா வந்து உட்கார்ந்திருக்கிறார். அப்பா பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கதையைக் கொண்டுவந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக, "இந்த வருஷம் பெர்மனென்ட் ஆயிடும்ல பாப்பா?" என்றார். உன் கதைதான் என் சோற்றில் மண்ணைப் போட்டது என்று வாய்வரைக்கும் வந்தது. அப்பா வயல் சேறு காயாத காலோடு உட்கார்ந்திருந்தார்.

"ஆயிடும்ப்பா" என்றேன்.

"எங்க, பெரியப்பாவுக்குத் தொட்டுக் காட்டு."

அம்மா விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். நான் வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொட்டுக் காட்டினேன்.