கழுத்தைப் பிடித்த குரங்குக்குட்டி

என் மகளின் காறை எலும்பை முறித்தது என் வேதாந்தம்தான். அடியார்கள் படிக்கும் பத்திரிகையில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

வைஷ்ணவி ஜோடி ஸ்கேட்டிங் ஆடுகிறவள். நம்மூரில் ஐஸ் கரும்புச்சாற்றுக் கடையில்தான் கிடைக்கும் என்பதால், சக்கரம் வைத்த ஷூவில், கைலாசபுரத்துச் சிமென்ட் தளத்தில். ஜோடி, அங்கே தொழிற்சாலையில் வேலை பார்ப்பவரின் மகன் பிரபு. ஓடுகிற ஓட்டத்திலேயே அவளைத் தலைக்கு மேல் தூக்குவான். அவள் எதையும் பிடிக்காமல் கைகளை விரிக்க வேண்டும்.

எனக்கு அது ஒப்பவில்லை. நாங்கள் வடகலை. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்வதுபோல நாமும் பெருமாளைப் பற்ற வேண்டும் என்பது எங்கள் கட்சி. பூனைக்குட்டிபோலச் சும்மா கிடந்தால் தாயே கவ்விக்கொண்டு போகும் என்பது தென்கலைக் கட்சி. ஐப்பசியில் ஒருநாள், "குரங்குக்குட்டி மாதிரி கெட்டியாப் பிடிச்சுக்கோம்மா" என்று உபதேசம் செய்து அனுப்பினேன். மேலே போனவள் பிரபுவின் கழுத்தைப் பிடித்தாள். அவன் சாய்ந்தான். இருவரும் விழுந்தார்கள்.

மார்கழியில் எலும்பு கூடிவிட்டது. பயம் போகவில்லை. பிரபு தூக்க வந்தாலே அவன் கழுத்தைப் பற்றிக்கொள்வாள். மாநிலப் போட்டிக்குள் சரியாகாவிட்டால் அவனுக்கு வேறு ஜோடி பார்ப்பதாகப் பயிற்சியாளர் சொல்லிவிட்டார். அவள் ஷூவைப் பரணில் போட்டாள். என்னோடு பேசுவதையும் நிறுத்தினாள்.

ரங்கநாதர் சன்னதியில் போய் நின்றேன். வழக்கமாக அவருக்கும் யோசனை சொல்லுவேன். அன்று ஒன்றும் தோன்றவில்லை. "எனக்குத் தெரியலை. நீயே தூக்கு" என்றேன். அழுதேன். "நகருங்கோ" என்றார் அர்ச்சகர்.

மறுவாரம் அவளே வந்து கேட்டாள். "அப்பா, பிடிச்சுக்கலைன்னா விழமாட்டேனா?"

"தெரியாதும்மா" என்றேன். அவள் பிறந்ததிலிருந்து நான் அந்தப் பதிலைச் சொன்னதில்லை. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பரணில் ஏறினாள்.

தளத்தில் பிரபுவிடம், "நான் பிடிக்க மாட்டேன். நீ விட்றாதே" என்றாள்.

"விட்டா எங்கம்மா என்னை வீட்டுக்குள்ள விட மாட்டாங்க" என்றான்.

தூக்கினான். அவள் கைகள் விரிந்தன.

மாசியில் மாநிலப் போட்டி. நான்காவது இடம். எனக்கு அதுவே நிறைவு. இப்போது யாருக்கும் உபதேசம் செய்வதில்லை, இந்த ஒன்றைத் தவிர: பயத்தில் இருப்பவர்கள் ஒரு தடவை பெருமாளிடம் விட்டுப் பாருங்கள். அவன் நம்மை விடுவதில்லை.

எழுதியதைப் பிரபுவின் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"பெருமாள் தூக்கினாருன்னே எழுதுங்க சார். தெனம் எம் புள்ள முதுகுக்குத் தைலம் தேய்க்கிறது நான்தான்."