நான்கு படிகள்

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் அவளுக்குக் குறிப்பக்கா என்று பெயர். வீட்டில் தண்ணீர் மோட்டார் சுவிட்சின் மேல்கூட, 'அணைத்தாயிற்றா?' என்று சீட்டு ஒட்டியிருப்பாள். "நான்தான் உன் புருஷன்னு என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடு" என்பார் கணவர்.

டோக்கன் பலகை ஆமை வேகத்தில் நகர்ந்ததால், நோயாளிகளின் விவரங்களை வன்வட்டில் தேடாமல் நினைவகத்திலேயே வைத்திருக்கும் தரவுத்தளத்துக்கு மாற முடிவானது. அதற்கான நிரலைத் தானே எழுதித் தரும் ஓர் இலவச மென்பொருளை நிறுவ அவள் உட்கார்ந்தாள். செய்முறைப் பக்கத்தில் நாலே படிகள். நாலாவதில் அது காரணம் எதுவும் சொல்லாமல் நின்றது. அழித்தாள், மறுபடி நிறுவினாள், மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். "இதை எழுதினவன் மட்டும் என் கையில கிடைச்சான்..." என்று பல்லைக் கடித்தாள். கடைசியில் பிடிபட்டது. உருவாகும் நிரலைப் போட்டுவைக்க ஒரு காலிக் கோப்புறையை நாமே முன்கூட்டித் திறந்து வைக்க வேண்டுமாம். எழுதியவருக்கு அது சொல்லவே வேண்டாத விஷயமாகத் தோன்றியிருக்கிறது.

திறமூல மென்பொருள் என்பதால் யாரும் திருத்தம் அனுப்பலாம். விடுபட்ட அந்த வரியை அவள் எழுதி அனுப்பினாள். இரண்டே நாளில் அதைச் செய்முறைப் பக்கத்தில் சேர்த்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் பக்கத்து இருக்கைக்காரன் தன் கணினியில் அதை நிறுவினான். பத்து நிமிடத்தில் ஓடியது.

"எல்லாத்தையும் புட்டுப்புட்டு வச்சிருக்காங்களேக்கா! இதுக்கா மூணு நாள் ஆச்சு உங்களுக்கு?"

அவள் அவன் திரையை எட்டிப் பார்த்தாள். படிகள் இப்போது ஐந்து.

"நான் கொஞ்சம் மந்தம்ப்பா" என்றாள்.