அம்மாச்சி குளித்து முடிக்கும்வரை

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பேய்க் கதை சொல்பவர்களைக் கேலி செய்தே வளர்ந்தவள் நான். ஆனால் இது எனக்கு நடந்தது. போன ஐப்பசிக் கடைசியில், எம். புதுப்பட்டியில், என் அம்மாச்சி வீட்டில்.

பெற்றவளை எனக்கு நினைவில்லை. வளர்த்தது அம்மாச்சி சீனியம்மாள்தான். பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்து கலக்கும் மருந்து அறையில் வேலை. சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போது தலையிலிருந்து கால் வரை அலுமினியப் பொடி மின்னும். வெள்ளிக் கவசம் சாத்திய அம்மன் வந்துவிட்டது என்று கிண்டல் செய்வேன். சிரித்துக்கொண்டே கையை ஓங்குவாள். உள்ளே வரும்முன் வாசலின் இரும்புக் கதவில் உள்ளங்கையை ஒருமுறை பதிப்பாள். உடம்பிலுள்ள மின்சாரம் இறங்க, மருந்து அறை வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். அந்தப் பழக்கம். பிறகு நேரே குளியலறை.

அவள் குளித்து முடிக்கும்வரை வீட்டில் தீக்குச்சி உரசக் கூடாது. சேலையெல்லாம் மருந்தாக இருக்கும். குளித்ததும் அங்கிருந்தே குரல் கொடுப்பாள்: "இனி பத்த வை தாயி." அதற்கு அப்புறம்தான் எங்களுக்குக் காபி, விளக்கு, சோறு எல்லாம்.

தீபாவளி சீசனின் கடைசி லோடு ஏறிய வாரம், வேலையில் இருக்கும்போதே அம்மாச்சிக்கு மாரடைப்பு. நான் சென்னையில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். விழுந்தடித்து ஊர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த உடம்பை இருட்டும்முன் எடுத்துவிட்டார்களாம். கொள்ளி வைத்த அவள் மகன் முனியராஜ் மாமா, எல்லாம் முறைப்படி செய்தாகிவிட்டது என்றார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்தக் குரலைக் கேட்டால் போதும் என்று தினமும் அழுதேன்.

காரியம் எல்லாம் மாமா வீட்டில்தான் நடந்தது. அம்மாச்சி வீடு பூட்டியே கிடந்தது. பதினாறாம் நாள் முடிந்து, மறுநாள் நான்தான் போய்த் திறந்தேன். நாள் முழுக்கக் கூட்டிக் கழுவினேன். பேசுவதற்கு ஆள் இல்லாத வீடு எவ்வளவு பெரிது என்று அன்றுதான் தெரிந்தது.

சாயங்காலம் ஐந்தே முக்கால். அவள் படத்தின் முன் விளக்கில் எண்ணெய் ஊற்றினேன். தீப்பெட்டியை எடுத்தேன்.

தெருவில் வேன் வந்து நின்றது.

அந்த வேன்தான். சின்ன வயதிலிருந்து கேட்ட அதே பிரேக் சத்தம். நின்றது… கிளம்பிப் போனது. அப்புறம்தான் உறைத்தது. தீபாவளி முடிந்து கம்பெனிகள் எல்லாம் லீவு. எந்த வேனும் ஓடவில்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

தட்…

இரும்புக் கதவில் ஒரு கை பதிந்தது.

பின்பக்கம் குளியலறையில் தண்ணீர் மொள்ளும் சத்தம். ஒரு செம்பு… இன்னொரு செம்பு…

தொட்டியில் தண்ணீரே கிடையாது. காலையில் நான்தான் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன்.

ஆனாலும் ஓடவில்லை. பைத்தியம் பிடித்தவள்போல் காத்திருந்தேன். இப்போது சொல்வாள்… இப்போது…

சத்தம் நின்றது.

வீடு இருட்டிவிட்டது.

"அம்மாச்சி… பத்த வைக்கட்டுமா?"

குச்சியை எடுத்தேன்.

காதுக்குப் பக்கத்தில்…

"வேணாம் தாயி. மருந்து இன்னும் போகல."

எப்படி ஓடினேன் என்று தெரியாது. மாமா வீட்டு வாசலில் போய் விழுந்தேன்.

விடிந்ததும் மாமாவும் நானும் போனோம். இரும்புக் கதவில் ஐந்து விரலும் வெள்ளியாகப் பதிந்திருந்தன. குளியலறைத் தரையில் சொட்டு ஈரம் இல்லை. ஆனால் தண்ணீர் ஓடும் வழி நெடுகிலும் அலுமினியப் பொடி படிந்து கிடந்தது. மாமா அதை விரலால் தொட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகுதான் சொன்னார். குளிப்பாட்டுவதற்கு நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சுற்றிக் கட்டிய துணியைப் பிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். தண்ணீரைக் கட்டின் மேலேயே தெளித்திருக்கிறார்கள்.

"அப்போ குளிப்பாட்டவே இல்லையா மாமா?"

இல்லை என்று தலையாட்டினார்.

"கொள்ளி வச்சேன் தாயி… வெள்ளை வெள்ளையாப் பொறி பறந்துச்சு. மத்தாப்பு கணக்கா. அதை உங்கிட்ட எப்பிடிச் சொல்ல?"

அன்று மதியம் தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து தொட்டியை நிறைத்தேன். பக்கத்தில் புதுச் சோப்பு ஒன்றைப் பிரித்து வைத்தேன். தீப்பெட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு வீட்டைப் பூட்டினேன்.