பாலைவனத்தில் இரண்டு விசில்

“நாள் முழுக்கப் போயிக்கிட்டேதான் இருக்கேன். ஆனா நான் எங்க போயிருக்கேன்? சொல்லு பாப்போம்.”

பள்ளிக்கூடப் பையைச் சுமந்துகொண்டு கம்பியைப் பிடித்து நின்ற என்னிடம் கண்டக்டரம்மா ஒருநாள் இப்படிக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. சிரித்து மழுப்பினேன். பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அந்தக் கேள்வி மட்டும் என்னை விடுவதாக இல்லை. ஆகவே அவர் கதையை எழுதுகிறேன். அவரே ஓடுகிற பேருந்தில் நின்றபடி சொல்லக் கேட்டதுதான்.

கண்டக்டரம்மாவுடைய பேருந்தை ஓட்டியவர் அவருடைய கணவர். மார்க்கெட்டில் கிளம்பினால் ஆஸ்பத்திரி, கோர்ட், காலேஜ், மறுபடி மார்க்கெட். கல்யாணமான புதிதில் டிப்போவில் கெஞ்சிக் கூத்தாடி இருவரும் ஒரே வண்டியில் டியூட்டி வாங்கினார்கள். ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். டிரைவர் ஒருபோதும் திரும்பிப் பார்க்க மாட்டார். “பின்னாடிதான் நீ இருக்கியே, நான் எதுக்குத் திரும்பணும்?” என்பார். ஆரம்பத்தில் இதைக் கேட்கும்போது கண்டக்டரம்மாவுக்கு உச்சி குளிரும். போகப் போக, யாரோ முதுகில் மூட்டை ஏற்றியதுபோல இருந்தது.

உட்கார்ந்து பழகாத உடம்பு அவருடையது. வீட்டிலும் நின்றுகொண்டேதான் சாப்பிடுவார். தொலைக்காட்சி பார்க்கும்போதுகூட கை தானாகக் கதவு நிலையைப் பிடித்துக்கொள்ளும். ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நாலு நிமிஷம் இருந்தால் கால் குறுகுறுக்கும். லீவு நாளில் அலமாரியை அடுக்குவார், கலைப்பார், மறுபடி அடுக்குவார். “அம்மா, அடுத்த ஸ்டாப் வர்ற வரைக்கும் உக்காரும்மா” என்று பத்தாவது படிக்கும் மகள் கிண்டல் செய்வாள். அவருக்கும் சிரிப்பு வரும். ஆனாலும் உட்கார முடியாது.

அப்படிப்பட்டவரை, குடும்பச் சுற்றுலாவுக்காக லீவு போடுவதற்கு முந்தின நாள், டிப்போ மேனேஜர் கூப்பிட்டார். தொலைதூர வண்டிக்குக் கண்டக்டர் தேவைப்படுகிறார். ஒரு நாள் போக, ஒரு நாள் வர. மலையைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, கடற்கரை வரைக்கும்.

“உங்க பேரைத்தான் யோசிச்சு வச்சிருக்கேன். ஆனா டிரைவரைப் பிரிச்சுத்தான் ஆகணும். அவருக்கு அந்த ரூட் கிடையாது. வீட்ல கலந்து பேசிட்டு லீவு முடிஞ்சு வர்றப்போ சொல்லுங்கம்மா. இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்.”

கண்டக்டரம்மா வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. கணவரிடம் சொல்ல வாயெடுத்தால், “பின்னாடிதான் நீ இருக்கியே” என்ற குரல் காதில் விழும். வாய் தானாக மூடிக்கொள்ளும்.

இந்த நேரம் பார்த்துத்தான் நாத்தனார் சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்திருந்தார். டிரைவரின் அக்கா. சரித்திர டீச்சர். அண்ணன் மகள், தம்பி மகள் என்று பார்க்காமல் எந்தப் பிள்ளை கையில் கிடைத்தாலும் பாடம் எடுத்துவிடுவார். “பிள்ளை எத்தனை நாளைக்குப் படத்துலயே பாத்துட்டு இருப்பா? பாலைவனத்துப் பழைய ஊருங்களைக் கண்ணால பாக்கட்டும்” என்றார். வேன் வாடகைக்கு எடுத்தாயிற்று. ஓட்டுவது யார் என்ற பேச்சே எழவில்லை.

வேனில் ஏறியதும் கண்டக்டரம்மா நேராகக் கடைசி சீட்டுக்குப் போனார். கதவுக்குப் பக்கம். மகள் விளையாட்டாக அவர் கழுத்தில் விசிலை மாட்டிவிட்டாள். விளையாட்டு அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் டிரைவர் சாவியைத் திருகிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“என்னப்பா, கிளம்பலையா?”

“விசில் வரட்டும்.”

“அப்பா, இது வேன்!”

“எதுவா இருந்தா என்ன? விசில் இல்லாம என் கால் கிளட்ச்ச விட்டு வராது.”

முன் சீட்டில் இருந்த நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டார். “தம்பி, நாம பாலைவனத்துக்குப் போறோமா, கோர்ட் வாசலுக்குப் போறோமா?”

கண்டக்டரம்மா இரண்டு விசில் அடித்தார். வேன் கிளம்பியது. அதற்குப் பிறகு வழிநெடுக, சாப்பிட நிறுத்தினாலும் சரி, தண்ணீர் வாங்க நிறுத்தினாலும் சரி, விசில் அடித்தால்தான் வண்டி நகரும் என்று ஆகிப்போனது. நாத்தனார் தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டார். எந்த இடத்தைப் பார்த்தாலும், வேனில் திரும்ப ஏற ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு மண்கோட்டை. அடுத்து, மான்களும் வேட்டைக்காரர்களும் செதுக்கிய பாறை. மகள் காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டே பாதிக் கேள்விக்குப் பதில் சொன்னாள். டிரைவர், “அந்த மானுக்குக் கால் எத்தனை?” என்ற கேள்விக்கே தப்பாகச் சொல்லி ஏறிக்கொண்டார். கண்டக்டரம்மா எல்லாவற்றையும் பார்த்தார், எதையும் பார்க்கவில்லை. மனம் டிப்போவுக்கும் கடற்கரைக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று காலையில் நினைப்பார். ராத்திரி ஆனால் நாளைக்கு என்பார்.

மூன்றாவது இடம் வணிகக் கூட்டங்கள் தங்கிய பழைய சத்திரம். நாலு பக்கமும் இடிந்த சுவர், நடுவில் பெரிய முற்றம், சுவரோரம் ஒட்டகங்களைக் கட்டிய கல் வளையங்கள். கிழக்கே ஒரு வாசல், மேற்கே ஒரு வாசல். நாத்தனாரின் குரல் முற்றத்தில் எதிரொலித்தது.

“இந்தப் பாதை ஆயிரம் மைலுக்கு மேல போகும். ஆனா முழுப் பாதையும் போனவங்க ரொம்பக் கொஞ்சம். ஒரு கூட்டம் இங்க வரைக்கும் சரக்கைக் கொண்டு வரும். கைமாத்திட்டுத் திரும்பிடும். அடுத்த கூட்டம் அடுத்த ஊருக்கு. அவங்களும் அப்படியே திரும்பிடுவாங்க.”

“டவுன் பஸ் மாதிரியா அத்தை?” என்றாள் மகள்.

“அப்படியே வச்சுக்கோயேன்.”

டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்டக்டரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சுருக்கென்றது.

வெயில் ஏறிவிட்டது. எல்லாரும் வேனுக்குத் திரும்பினார்கள். டிரைவர் ஏசியைப் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, கண்ணை மூடிச் சாய்ந்தார். நாத்தனார் உட்கார்ந்ததுமே தூங்கிப்போனார். கண்டக்டரம்மா கதவில் கால் வைத்தவர், நின்றார். மேற்கு வாசலின் படிக்கல் கண்ணுக்குள்ளேயே நின்றது. நடு பாகம் கிண்ணம்போலத் தேய்ந்திருந்தது. அது போனவர்கள் தேய்த்ததா, திரும்பி வந்தவர்கள் தேய்த்ததா? இன்னொரு முறை பார்க்க வேண்டும்போல இருந்தது.

“இதோ வந்துடறேன்” என்று மகளிடம் சொல்லிவிட்டு, கைப்பையையும் சால்வையையும் கடைசி சீட்டில் போட்டுவிட்டு நடந்தார். மகளின் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அவர் படிக்கல்லின் அருகே குனிந்தபோது, சுவர்மேல் ஏறிப் படம் எடுத்துக்கொண்டிருந்த சில இளைஞர்களைச் சத்திரத்துக் காவலாளி பார்த்துவிட்டார். பாக்கெட்டிலிருந்து விசிலை எடுத்தார். ஊதினார். இரண்டு முறை.

அடுத்து நடந்தது என்ன என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். டிரைவருக்குக் கண் திறந்ததா என்பதே சந்தேகம், கால் திறந்துகொண்டது. வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டது.

“ஏங்க! என்னங்க! நிறுத்துங்க!” கண்டக்டரம்மா ஓடினார். கழுத்தில் விசில் இருப்பது நினைவுக்கு வந்து அதை எடுத்து ஊதினார். ஒரு விசில். கேட்க யார் இருக்கிறார்கள்? புழுதி அடங்கியபோது வேன் ஒரு புள்ளியாகி, அதுவும் இல்லாமல் போனது.

காவலாளி பதறிக்கொண்டு வந்தார். “என்னம்மா, வண்டி போயிடுச்சே?”

“போச்சு. நீங்கதான் அனுப்பி வச்சீங்க.”

“நானா?”

“ரெண்டு விசில் கொடுத்தீங்கல்ல?”

“அந்தப் பசங்களை இறங்கச் சொன்னேன்மா.”

“இறங்கச் சொல்ல ஒண்ணு போதும்ங்க. ரெண்டு கொடுத்தா வண்டி கிளம்பிடும்.”

“இது எந்த ஊர்ச் சட்டம்மா?”

“எங்க வீட்டுச் சட்டம்.”

காவலாளி தன் கைபேசியை நீட்டினார். வாங்கிய பிறகுதான் கண்டக்டரம்மா விழித்தார். அவருடைய கைபேசி கைப்பையில், கைப்பை வேனில். கணவர் எண், மகள் எண் எதுவும் மனப்பாடமில்லை. கூடவே இருக்கிறவர்களின் எண்ணை யார் மனப்பாடம் செய்கிறார்கள்? விரல் அறிந்த எண் ஒன்றே ஒன்று. டிப்போ எண்.

மேனேஜரே எடுத்தார்.

“சார், நான்தான். மார்க்கெட் வண்டி கண்டக்டர். பாலைவனத்துல நிக்கிறேன். அவரு என்னை விட்டுட்டுப் போயிட்டாரு.”

“ஐயையோ! என்னம்மா இது! நல்லாத்தானே இருந்தீங்க ரெண்டு பேரும்? நான் வேணா பேசிப் பாக்கட்டா?”

“சண்டையெல்லாம் இல்ல சார். வேனை எடுத்துக்கிட்டு என்னை விட்டுட்டுப் போயிட்டாரு. மறந்து. அவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க.”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. “பயமுறுத்திட்டீங்களே. போடறேன். ஆமா, அந்த விஷயம் என்னாச்சு? வீட்ல பேசிட்டீங்களா?”

கண்டக்டரம்மா மேற்கு வாசலைப் பார்த்தார். அதற்கு அப்பால் பாதை மணலுக்குள் நெளிந்து போய்க்கொண்டே இருந்தது. நிழலில் நின்ற கால் பரபரத்தது.

“போறேன் சார்” என்றார். “என் பேரையே போட்டுடுங்க.”

கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். சொன்னது தன் வாய்தானா? ஊரிலேயே முதலில் தெரிந்திருக்க வேண்டிய ஆள் புழுதிக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறார். திரும்பக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். இன்னொரு சுற்று. காவலாளி ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். “உக்காரும்மா, வந்துடுவாங்க.” அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரவில்லை. மறுபடி கூப்பிடவும் இல்லை.

அங்கே வேனில் நடந்ததை மகள் பிற்பாடு நடித்தே காட்டினாள். மேனேஜரின் அழைப்பு அவர்களை எட்டவில்லை. அந்தப் பாதையில் சிக்னல் கிடையாது. நெடுஞ்சாலை சேரும் இடத்தில் ஒரு தேநீர்க் கடை. டிரைவர் நிறுத்தி, ஜன்னல் வழியாகவே தேநீர் வாங்கிக் குடித்து, கோப்பையைக் கொடுத்துவிட்டு, கியரில் கை வைத்துக் காத்திருந்தார். காத்துக்கொண்டே இருந்தார். பின்னால் லாரிக்காரன் ஹாரனைப் போட்டு அலற விட்டான்.

நாத்தனார் விழித்துக்கொண்டார். “ஏன் தம்பி நிக்கிறோம்?”

“விசில் வரலக்கா. என்ன கோபமோ தெரியல. ரெண்டு நாளா முகமே சரியில்ல.”

மகள் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டுக் கடைசி சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். சால்வை போர்த்திய கைப்பை சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

“அப்பா! அம்மா இருந்தாத்தானே விசில் கொடுப்பாங்க!”

வேன் திரும்பி வந்த வேகத்தைப் பார்த்துக் காவலாளி ஓரமாக ஒதுங்கினார். டிரைவர் இறங்கி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. மணலில் செருப்பு ஒன்று கழன்று போனதுகூட அவருக்குத் தெரியவில்லை.

கண்டக்டரம்மா இடுப்பில் கை வைத்தார். “டிரைவர் சார், ஒரு பாசஞ்சரை விட்டுட்டுப் போயிட்டீங்க.”

“விசில் கேட்டுச்சேம்மா...”

“கேட்டா? ஒரு தடவை திரும்பிப் பாக்கக் கூடாதா?”

“நீ இருப்பேன்னு நினைச்சேன்.”

அந்த வார்த்தை அவரை ஒரு நிமிஷம் அசைத்துவிட்டது. இதை இப்போது விழுங்கினால் இனி எப்போதும் வெளியே வராது என்று தெரிந்தது.

“இனி இருக்க மாட்டேங்க. தொலைதூர வண்டிக்குக் கூப்பிட்டாங்க. வர்றேன்னு சொல்லிட்டேன். இப்பதான், இவர் போன்லதான். உங்ககிட்ட முதல்ல சொல்லியிருக்கணும். நாக்கு வரல.”

டிரைவர் தலையைக் குனிந்தார். கழன்ற செருப்பைத் தேடுவதுபோல மணலைப் பார்த்தார். நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகள் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“எனக்குப் பின்னாடி யாரு இருப்பா?” என்றார் கடைசியில்.

“யாராவது வருவாங்க. நீங்க பாத்து ஓட்டுங்க.”

“நீ எப்ப வருவே?”

“ஒரு நாள் போக, ஒரு நாள் வர.”

“கடல் இருக்கா அங்க?”

“இருக்காம்.”

எல்லாரும் ஏறினார்கள். இந்த முறை நாத்தனார் கேள்வி கேட்கவில்லை. கண்டக்டரம்மா கடைசி சீட்டில், கதவுக்குப் பக்கம். டிரைவர் சாவியைத் திருகினார். இன்ஜின் உறுமியது. வேன் நகரவில்லை. கண்டக்டரம்மாவின் கை விசிலுக்குப் போனது. பாதி வழியில் நின்றது. அவர் அதைக் கழுத்திலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

வெகு நேரம் போல இருந்தது. டிரைவரின் கழுத்து, பழைய கதவுபோல, மெதுவாகத் திரும்பியது. அக்காவைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். கடைசி சீட்டுக்கு வந்ததும் அவர் பார்வை அங்கேயே நின்றது. கோபமா, சங்கடமா, கண்டக்டரம்மாவுக்குப் புரியவில்லை. பிறகு முன்னால் திரும்பி, யாரும் சொல்லாமலே, கிளட்சிலிருந்து காலை எடுத்தார். வேன் ஒரு குலுங்கு குலுங்கிக் கிளம்பியது.

ஊர் வந்து சேரும்வரை அவர் சரியாகப் பேசவில்லை. ஊர் வந்தும் சில நாள் பேசவில்லை. கண்டக்டரம்மா தொலைதூர வண்டியில் கிளம்பிய காலையில் மட்டும், டிப்போ வாசல்வரை பையைத் தூக்கி வந்தார். “கடலைப் பாத்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லு” என்றார்.

இப்போது மார்க்கெட் வண்டியில் அவருக்குப் பின்னால் புதுக் கண்டக்டர். இரண்டு விசில் கேட்ட பிறகும் டிரைவர் திரும்பி, “எல்லாரும் ஏறியாச்சா?” என்று கேட்கிறார். “இல்ல சார், ஒருத்தங்க பாக்கி. கடற்கரையில இருக்காங்க” என்று பின்சீட்டிலிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள். அவர் முறைத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

கண்டக்டரம்மாவை எப்போதாவது டிப்போவில் பார்க்கிறேன். கால் இன்னும் ஓரிடத்தில் நிற்பதில்லை. கடலைப் பார்த்தாயிற்று, அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

உங்கள் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர் இறங்கவேண்டிய இடம் வருவதற்குள் சொல்லி முடித்துவிடலாம். கேட்டவர் அடுத்த வண்டியில் வேறு யாரிடமாவது சொல்லட்டும்.