சித்தி ஒட்டிய மாப்பிள்ளைகள்

எங்கள் வீட்டில் ராஜா ஒருவரும், விமானம் ஓட்டுபவர் ஒருவரும், கொள்ளைக்காரர் இரண்டு பேரும் இருந்தார்கள். எல்லோரும் என் சித்தியை வேண்டாம் என்று சொன்ன மாப்பிள்ளைகள்.

எழுபதுகளின் தொடக்கம். ஆவடியில் அப்பாவுக்குத் தொழிற்சாலை வேலை. அம்மாவின் தங்கை எங்களோடுதான் இருந்தாள். தரகர் கொண்டுவரும் மாப்பிள்ளை போட்டோ, பேச்சு முறிந்ததும் திரும்பிப் போக வேண்டும், அதுதான் முறை. சித்தியின் போட்டோ ஒழுங்காகத் திரும்பி வந்துவிடும். மாப்பிள்ளைகளை மட்டும் யாரும் கேட்டு வாங்கவில்லை. பிஸ்கட் டப்பாவில் கிடந்தார்கள். வேறொரு பெண்ணாக இருந்தால் அந்த டப்பாவைப் பார்த்து அழுதிருப்பாள். சித்தி மைதா மாவில் பசை காய்ச்சினாள்.

பழைய காலண்டர் தாள்களின் வெள்ளைப் பக்கம், சோப்புப் பெட்டி அட்டை, கோணி ஊசி. புத்தகம் தயார். பக்கத்துக்கு ஒரு மாப்பிள்ளை. நெற்றிக்கு இடும் சாந்தால் கிரீடம் வரைவாள். சிகரெட் பாக்கெட்டின் ஜிகினாத் தாளில் வாள் வெட்டுவாள். கதையை நான் சொல்ல, அவள் கொட்டை எழுத்தில் எழுதுவாள். திருவேற்காட்டு மளிகைக்கடைக்காரரை விமானம் ஓட்ட வைத்தோம். கதை சலித்துவிட்டால் ஆளை மாற்றுவோம். போட்டோ மேல் ஈரத்துணியைப் போட்டு, உலை கொதிக்கும் நேரம் பொறுத்தால், பசை இளகி, போட்டோ அலுங்காமல் கையோடு வந்துவிடும். ஒரு ராஜா இப்படித்தான் ஒரே மதியத்தில் கொள்ளைக்காரர் ஆனார். எனக்கு எழுத்து வந்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, அந்த மைதா வாசனையில்தான். இன்றைக்கும் அதற்குச் சித்தியை நினைத்துக் கும்பிடுகிறேன்.

பிறகு பூந்தமல்லி மாப்பிள்ளை வந்தார், போட்டோவாக. ஸ்டூடியோவின் அரண்மனைப் படிக்கட்டு வரைந்த திரைக்கு முன்னால், சட்டையின் ஒரு கை மடிப்பு அவிழ்ந்து தொங்க, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். அவர்கள் வீட்டிலிருந்து பதில் வருவதற்கு முன்பே சித்தி அவரை ஒட்டிவிட்டாள். கிரீடமும் இல்லை, வாளும் இல்லை. கதையையும் என்னைக் கேட்காமல் அவளே எழுதினாள். பட்டாபிராம் ஸ்டேஷனில் ஒருவர் யாருக்கோ காத்திருக்கிறார். வண்டிகள் வருகின்றன, போகின்றன. அவ்வளவுதான் கதை. எதிர்ப்பக்கத்தைக் காலியாக விட்டிருந்தாள். மட்டமான கதை என்று முகத்துக்கு நேரே சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தரகர் வந்தார்.

“பையனோட மாமன் வேற எடம் பாத்துட்டாராம் நைனா. போட்டோவ வாங்கினு வரச் சொன்னாரு.”

டப்பாவைத் துழாவிய அப்பாவின் கையில் புத்தகம் சிக்கியது. பிரித்துப் பார்த்தவருக்கு முகம் சிவந்துவிட்டது. “இன்னா காரியம் பண்ணி வச்சிகீறீங்க? அட்த்த ஊட்டுப் புள்ள போட்டோ!”

“நல்லா ஒட்டிக்கிச்சு மாமா. இனிமே வராது,” என்றாள் சித்தி.

“ஈரத்துணி...” என்று ஆரம்பித்தேன். என் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. அதுவரை என் மேல் கை வைக்காத சித்தி! நான் போட்ட கூச்சலில், பக்கத்தைக் கிழிக்கப் போன அப்பா, புத்தகத்துக்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்துக் கையை எடுத்துக்கொண்டார். முணுமுணுத்தபடி முழுப் புத்தகத்தையும் சைக்கிள் கேரியரில் கட்டி, தானே பூந்தமல்லிக்குக் கிளம்பினார். அன்று கிழிக்காமல் விட்டாரே, அந்த ஒன்றுக்காகவே அப்பா எனக்குத் தெய்வம்.

மாப்பிள்ளைகளுக்குக் கிரீடம் வரைந்து விளையாடும் பெண் என்று ஊரெல்லாம் தெரிந்துவிடும், இனி எவன் கேட்டு வருவான் என்று அம்மா திட்டித் தீர்த்தாள். அந்த வாரம் சித்திக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளையே சைக்கிளில் வந்து இறங்கினார். அன்றும் ஒரு கை மடிப்பு அவிழ்ந்துதான் இருந்தது. செய்தித்தாளில் சுற்றிய புத்தகத்தை அப்பாவிடம் நீட்டினார்.

“மன்னிச்சிக்கோங்கண்ணே. உங்க ஊட்டுப் பொண்ணு போட்டோவத் திருப்பிக் குட்த்துர்லாம்னுதான் பாத்தேன். அதுவும் ஒட்டிக்கிச்சு.”

அப்பா பிரித்தார். பட்டாபிராம் ஸ்டேஷனில் காத்திருப்பவருக்கு எதிரே, காலியாக இருந்த பக்கத்தில், சித்தியின் போட்டோ. ஒட்டிப் பழக்கமில்லாத கை. நாலு மூலையிலும் பசை வழிந்திருந்தது. சிரிக்கவே தெரியாத அப்பா சிரித்துவிட்டார்.

“அப்புறம் இன்னா, உள்ள வந்து குந்து. உன் மாமன்கிட்ட நான் பேசுறேன்.”

கதவுக்குப் பின்னால் சித்தி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கோ வந்தவர் மேல் பரிதாபமாக இருந்தது. பாவம், பூந்தமல்லியில் யாருக்குமே ஈரத்துணி வித்தை தெரியவில்லை. தொடை இன்னும் வலித்ததால், நானும் சொல்லித் தரவில்லை.