மூன்றரை அடிக் கல்யாணப் படம்

இது கட்டுக்கதை இல்லை. கோலசிலாங்கூரில், என் வீட்டு ஹாலில், எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் விளக்கைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

நான் ரவீந்திரனுக்கு இரண்டாம் தாரம். முதல் மனைவி உஷாராணி இறந்து நான்கு வருடமாகிறது. நான் அவளைப் பார்த்ததே இல்லை. ஆனால் ஹாலுக்குள் நுழைந்தால் முதலில் அவள்தான். மூன்றடிப் படம், மூக்குத்தி, சந்தன மாலை. அவர் வேலைக்குக் கிளம்பும்போது அவளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். என்னிடம் "வரேன்" என்பதோடு சரி. எனக்கு வயிறு எரியும். செத்தவள் மேல் என்ன பொறாமை என்று கேட்பீர்கள். இந்த வீட்டில் வந்து இருந்து பாருங்கள்.

எங்கள் கல்யாணப் படமோ அலமாரி மேல் கையளவு நின்றது. அதை அவள் படத்தைவிடப் பெரிதாக்கி எதிர்ச் சுவரில் மாட்ட வேண்டும். அவர் ஒரு தடவையாவது என் பக்கம் திரும்ப வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பத்தாங் காலி ஊர்க் கோயிலில் நடந்த கல்யாணத்தைப் படம் எடுத்தவன் என் தம்பி ஷர்வின். பிலிம் கேமரா பைத்தியம். பிலிமைக் கழுவிய கோலாலம்பூர் கடையில் பெரிய பிரிண்டுக்கு விலை கேட்டேன். தலை சுற்றியது. ஷர்வின்தான் வழி சொன்னான்.

"அங்க நெகட்டிவ மட்டும் நல்லா ஸ்கேன் பண்ணி வாங்குக்கா. பேனர் கடையில போட்டோ பேப்பர்ல அடிச்சா ரொம்ப மலிவு லா."

சுங்கை ஆயர் தாவாரில் மீரா முகைதீன் பாயின் பேனர் கடை. திருவிழா பேனர் அடிக்கும் அதே மெஷின்தான். கோலாலம்பூர் விலையில் கால்வாசிகூட இல்லை. தையல் டேப்பால் உஷாராணியை அளந்துவிட்டுத்தான் போனேன். மூன்றரை அடி வேண்டும் என்றேன்.

மறுநாள் வாங்கப் போனேன். அட்டையில் ஒட்டித் தயாராக வைத்திருந்தார்.

"ஓரம் எதுவும் வெட்டலம்மா. மூணு பேரும் முழுசா வந்துட்டாங்க."

"மூணு பேரா? நாங்க ரெண்டு பேருதான் பாய்."

சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்தார். நானும் என் கணவரும். இரண்டே பேர். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஸ்கிரீன்ல பாத்தேனே..."

வயதாகிவிட்டது பாவம் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று என் கணவருக்கு இரவு ஷிப்ட். ஏழு மணிக்குக் கிளம்பினார். ஏழு இருபதுக்கு நான் படத்தை மாட்டினேன். தள்ளி நின்று பார்த்தேன். என்னுடையதுதான் பெரிது! அவளைப் பார்த்து வாய்விட்டே கேட்டேன்.

"இப்ப யாரு பெரிசு?"

அவள் மாலை ஆடியது. மின்விசிறி ஓடவில்லை.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். டக்... என்று ஒரு சத்தம். ஓடி வந்தேன். ஆணி அப்படியே இருந்தது. என் படம் கீழே, சுவரில் சாய்ந்து நின்றது. முகம் சுவரைப் பார்த்தபடி.

விழுந்த படம் எப்படித் திரும்பி நிற்கும்?

எடுத்து மறுபடி மாட்டினேன்.

சர்... சர்...

பட்டுச் சேலை தரையில் உரசும் சத்தம். நான் நைட்டியில் இருந்தேன்.

படத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்று அவரை ஒட்டி நின்றேன். இப்போது நடுவில் கையளவு இடைவெளி.

கண்ணைக் கசக்கினேன்.

இடைவெளி ஒரு முழம்.

சர்...

என் தோள் படத்துக்கு வெளியே போயிருந்தது.

ஓடினேன்.

பக்கத்து வீட்டு நாகமணி அக்காவிடம் இரவைக் கழித்தேன். காலையில் அவர் வந்த பிறகுதான் உள்ளே கால் வைத்தேன். படத்தில் ஒட்டித்தான் நின்றிருந்தோம்.

"கனவு கண்டிருப்ப," என்றார். சொல்லிவிட்டு அவள் படத்தைப் பார்த்தார். என் படத்தை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷர்வின் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்தான். பெரிய பிரிண்டைப் பார்க்கத்தான் வந்தான். ஆனால் உஷாராணி படத்தின் முன் அப்படியே நின்றுவிட்டான்.

"இது யாருக்கா?"

"மாமாவோட மொத சம்சாரம். செத்து நாலு வருசமாச்சு."

அவன் முகம் வெளுத்தது.

"கல்யாணத்தன்னிக்கு இவங்க மாமா பக்கத்துலயே நின்னாங்கக்கா. பிரேம்ல விழுறாங்களேன்னு, கொஞ்சம் தள்ளிக்குங்கன்னு சொன்னேன்..."

"அதுக்கு?"

ஷர்வின் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உன்னையக் காட்டி, 'அவளத் தள்ளிக்கச் சொல்லு'ன்னாங்க."