கோகிலன் சார் மூழ்கடிக்கும் ஊர்கள்

பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி வந்து நிற்கும் இடத்தை மூழ்கடித்துவிட்டுத்தான் கோகிலன் சார் திரும்பிப் பார்ப்பார். "அடுத்து யாரு? வீடு எங்க, சொல்லு." ஜெலுத்தோங் என்று யாராவது வாயைத் திறந்தால் போச்சு. பலகையில் வரைந்த பினாங்கின் ஓரத்தில் நீல மார்க்கர் சரசரவென்று ஏறும். "முடிஞ்சதுலா. நீச்சல் கத்துக்கோ."

இரண்டாம் படிவ வகுப்புப் புவியியலில் பருவநிலை மாற்றம் வந்துவிட்டால் ஆண்டுதோறும் இந்தக் கூத்து உண்டு. பாடம் மலாயில், கிண்டல் தமிழில். கடல் ஒரு மீட்டர் உயர்ந்தால் எது எது போகும் என்பதில் அவருக்குத் தயவு தாட்சண்யமே கிடையாது. தலைமையாசிரியர் புதிதாக வாங்கிய கொண்டோ அடுக்குமாடி வீட்டின் கார் நிறுத்துமிடத்தைப் போன வருடமே முக்கி எடுத்துவிட்டார். ஆசிரியர் அறையில் வீடு வாங்கும் பேச்சை அவர் காதில் விழாமல்தான் பேசுவோம்.

கடையில் தே தாரிக் டீயைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தந்தால் வாங்க மாட்டார். மூடியில்லாத எவர்சில்வர் டம்ளரை நீட்டுவார். பள்ளிக்கு வந்து சேர்வதற்குள் பாதி சட்டையில் இருக்கும். "சட்டைய தொவச்சிக்கலாம், பைய என்னா செய்றது?" என்பார். துவைப்பவர் அவர் மனைவி லெட்சுமி.

லெட்சுமிக்கு இப்போது அக்கரையில், செபராங் ஜெயாவில் வேலை. விடிவதற்குள் பாலம் தாண்டி ஓடி ஓடி அலுத்துப்போய், வீட்டை விற்றுவிட்டு அங்கேயே போய்விடலாம் என்கிறார். வீடோ கடலைப் பார்த்த தெருவில். பார்க்க வந்த முதல் இரண்டு பேரையும் சார் பாடம் நடத்தியே துரத்திவிட்டார். மூன்றாவதாக வந்தவர் துணிக்கடை ஹாஃபிஸ். "நீங்க வாயத் தொறந்தீங்க, நா அக்கா வீட்டுக்குப் போயிருவேன்" என்று லெட்சுமி முன்கூட்டியே சொல்லிவைத்தார். சார் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ஹாஃபிஸுக்கு வீடு பிடித்துப்போனது. அவர் மகள் சித்தி ஆயிஷா, மாடியில் கடல் தெரியும் அறை தனக்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டாள். வரும் திங்கட்கிழமை வக்கீலிடம் போவதாக ஏற்பாடு. ஒரே சங்கடம், ஆயிஷா படிப்பது சாரின் வகுப்பில்.

இந்த வருடம் அந்தப் பாடத்தைப் பார்வையிட என்னை அனுப்பியிருந்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீலம் மளமளவென்று வந்தது. சாரின் தெரு நெருங்கியதும் மெல்ல வளைந்து, அதைச் சுற்றிக்கொண்டு அப்பால் போனது. கடலுக்கு நடுவே வெள்ளையாக ஒரு துண்டு. பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"சார், ஒங்க ரோடு மட்டும் தப்பிச்சிருச்சா?" என்று மாணவன் லோகேஸ்வரன் கேட்டான்.

"ஒசரமான எடம்லா."

"எங்க வீடு ஒங்களுக்குப் பின்னாடிதானே சார்? அது முழுகிருச்சே!"

வகுப்பே சிரித்தது. சார் மார்க்கரை மூடினார். திறந்தார். பிறகு தன் தெருவை ஒரே இழுப்பில் நீலமாக்கிவிட்டு, "எல்லாரும் தாள்ல இதே மாதிரி கலர் அடிங்க. வீட்டுல அப்பா அம்மாகிட்ட காட்டணும்" என்றார். லெட்சுமி அக்கா வீட்டுக்குப் பெட்டி கட்டுவது என் கண்முன் வந்தது.

மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஆயிஷாவிடம் நின்றார். அவள் தாளில் கடலோரம் முழுக்க நீலம், சாரின் தெரு மட்டும் பளிச்சென்று வெள்ளை.

"இது என்னம்மா?"

"அந்த ரூம் எனக்கு வேணும் சார்" என்றாள், தலை நிமிராமல்.

சார் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். அவள் கையிலிருந்த நீலப் பென்சிலை வாங்கி, அந்தத் தெருவுக்கு மெதுவாக வண்ணம் தீட்டத் தொடங்கினார்.